ஆயிடுச்சு சார்

அவருடைய பேச்சில் எதிர்காலம் கிடையாது. இலக்கணத்தைத்தான் சொல்கிறேன். ‘வருவேன்’, ‘செய்வேன்’, ‘முடியும்’ என்றெல்லாம் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாமே வந்தாயிற்று, செய்தாயிற்று, முடிந்தாயிற்று. வாசலில் யாராவது கூப்பிட்டால் உள்ளே சட்டையைத் தேடிக்கொண்டே ‘இதோ வந்துட்டேன்’ என்று குரல் கொடுக்காதவர் நம்மில் யாரும் இல்லை. அந்தச் சின்னச் சலுகையை அவர் தம் வாழ்க்கை முழுவதற்கும் எடுத்துக்கொண்டிருந்தார்.

முதல் நாளே அதை அனுபவித்தேன். கட்டடப் பொறியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்று, மயிலாப்பூரில் வீட்டோடு இருந்த காலம். அடையாற்றில் ஒரு சமுதாயக் கல்லூரி. அதன் முதல்வரான பாதிரியார் எனக்குத் தெரிந்தவர். தச்சு வேலை படிக்கும் மாணவர்களுக்குக் கட்டுமான மேலாண்மையில் ஒரு சான்றிதழ்ப் படிப்பு தொடங்க யோசனை இருக்கிறது, எங்கள் தச்சுப் பட்டறை ஆசிரியையின் எண்ணம் அது, நீங்கள் வந்து பேசுங்கள் என்றார். சொன்ன நேரத்துக்குக் கல்லூரி வாசலில் போய் நின்றேன். ஆசிரியையைக் காணோம். கைப்பேசியில் அழைத்தேன்.

“வந்துட்டேன் சார். அடையாறு பாலத்துல இருக்கேன்.”

பின்னால் குக்கர் விசில் அடித்தது. அடையாறு பாலத்தில் குக்கர் விசில் அடித்து அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். குள்ளமான உருவம், வேகமான நடை. தச்சர்கள் காதில் செருகிக்கொள்ளும் பென்சிலை இவர் கொண்டையில் செருகியிருந்தார். நான் எதுவும் கேட்பதற்குள், “பாத்தீங்களா, வந்துட்டேன்னு சொன்னேன்ல” என்றார். பிறகு பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார். சூடான சுண்டல். “உங்களுக்கும் சேத்து வெச்சேன். அதான் கொஞ்சம் லேட்டு.”

அதன்பின் கோபப்படுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

பட்டறைக்குள் கூட்டிப்போய் ஒரு கதவைக் காட்டினார். நல்ல வேலைப்பாடு. ஆனால் அடிப்பக்கம் கரடுமுரடாக இழைத்து எடுத்திருந்தது.

“நம்ம பையன் செஞ்ச கதவு சார். அழகாதான் மாட்டினான். அப்புறம் டைல்ஸ் போடுறவன் வந்தான், தரை ஏறிடுச்சு, கதவு இடிக்குது. கழட்டி அடியில இழைச்சான். அப்புறம் எலக்ட்ரீஷியன் வந்து நிலைக்குப் பக்கத்துல சுவத்தை வெட்டினான், நிலை ஆடுது. தப்பு யார் மேல சார்?”

“யார் மேலும் இல்லை. யார் எப்போது வர வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை.”

“அதான் சார். அந்த ஆளு நம்ம பசங்களா ஏன் இருக்கக் கூடாது? மரவேலை தெரிஞ்சவனுக்குக் கட்டடத்துல எல்லார்கிட்டயும் வேலை இருக்கு. அஸ்திவாரத்துல சென்ட்ரிங் பலகை அடிக்கிறதுல ஆரம்பிச்சு கடைசியா பூட்டு மாட்டுற வரைக்கும் அவன் இருக்கான். ஆனா அவனை யாரும் சூப்பர்வைசர்னு எடுக்க மாட்டாங்க. காகிதம் இல்ல.”

நல்ல சிந்தனை. இருபத்தைந்து ஆண்டுகள் இதே பாடத்தை நடத்திய எனக்கு ஒருமுறைகூடத் தோன்றாத சிந்தனை. அதை அப்போதே அவரிடம் சொல்லியிருக்கலாம். பாடத்திட்டம் எழுதித் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை முதல்வர் கூப்பிட்டார். “சார், ரொம்ப நன்றி. பாடத்திட்டம் எழுதி முடிச்சிட்டீங்களாமே.”

நான் இன்னும் பேனாவையே திறக்கவில்லை. பெருமூச்சு விட்டுவிட்டு உட்கார்ந்து எழுதினேன். அந்த வாரக் கடைசியில் உண்மையாகவே எழுதி முடித்துவிட்டேன்.

அவர் வேலை செய்யும் விதமே அதுதான் என்று போகப்போகப் புரிந்தது. தேனாம்பேட்டையில் அலுவலகம் வைத்திருந்த ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் போய், “எங்க காலேஜ்ல இந்தப் படிப்பு வந்துடுச்சு, பசங்க உங்க சைட்டுல பயிற்சி எடுக்கணும்” என்பார். வந்திருக்காது. அங்கிருந்து நேராக முதல்வரிடம் வந்து, “பில்டர் ஒத்துக்கிட்டார் ஃபாதர்” என்பார். ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். ஒப்பந்தக்காரர் ஒத்துக்கொண்டுவிட்டார் என்பதால் முதல்வர் விண்ணப்பம் அனுப்புவார். கல்லூரி விண்ணப்பம் அனுப்பிவிட்டது என்பதால் ஒப்பந்தக்காரர் ஒத்துக்கொள்வார். கடைசியில் பார்த்தால் எல்லாம் நடந்திருக்கும். ஒருவரும் ஏமாந்திருக்க மாட்டார்கள். தூணே இல்லாமல் முதலில் கூரையைப் போட்டுவிட்டு, அது விழுவதற்குள் ஆளுக்கொரு பக்கம் எங்களைத் தூணாக நிறுத்திவைப்பது அவர் வித்தை.

“இதெல்லாம் பொய் இல்லையா மேடம்?” என்று ஒருநாள் கேட்டேன்.

கொண்டையில் பென்சிலைத் தேடிக்கொண்டே யோசித்தார். “பொய்னா நடக்காதது சார். இது இன்னும் நடக்காதது.”

அனுமதி வருவதற்கு முன்பே சனிக்கிழமை வகுப்புகளைத் தொடங்கிவிட்டார். அதற்கும் காரணம் வைத்திருந்தார். சான்றிதழ் வழங்கும் அமைப்பிலிருந்து குழு வந்து பார்வையிட்டு ஒப்புதல் கொடுத்துவிட்டால், ஏற்கெனவே நடந்த வகுப்புகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். இறுதியாண்டுப் பிள்ளைகள் கல்லூரியை விட்டுப் போவதற்குள் சான்றிதழோடு போகலாம். “வந்துடுச்சுடா” என்று அவர்களிடம் சொல்லிவிட்டார். அவர்களும் நம்பி வந்து உட்கார்ந்தார்கள்.

முதல் வகுப்பில் மேலாண்மை என்றால் என்ன என்று தொடங்கினேன். ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து வரும் தேசிங்கு கையைத் தூக்கினான். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. அலையில் நிற்கப் பிடிக்காமல் மரத்துக்கு வந்தவன் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

“மேலாண்மைன்னா மேனேஜ்மென்ட்டுதானே சார்?”

“ஆமாம்.”

“மேனேஜ் பண்றதுக்கு இன்னாத்துக்கு சார் கிளாஸு? ஆணி பத்தலையா மேனேஜ் பண்ணு, கூலி வரலையா மேனேஜ் பண்ணுன்னு தெனம் அதைத்தானே பண்ணிக்கினு கீறோம்.”

பட்டறையே சிரித்தது. ஆசிரியை எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். பிறகு அவரே எழுந்து வந்து சொன்னார்: “அப்படி மேனேஜ் பண்ணாம இருக்குறதுக்குப் பேருதான்டா மேனேஜ்மென்ட்டு. சார், எழுதிக்கச் சொல்லுங்க.” என் பாடத்திட்டத்தில் இருந்த அரைப்பக்க விளக்கத்தை அடித்துவிட்டு அதையே வைத்துக்கொண்டேன்.

அந்த வகுப்புகளில் நான் ஒரு விதி கொண்டுவந்தேன். வீட்டுக்காரர் ஒருவர் தொலைபேசியில் வேலையைப் பற்றி விசாரிப்பதுபோல நான் கேட்பேன். மாணவர் பதில் சொல்ல வேண்டும். முடிக்காத வேலையை ‘முடிஞ்சிடுச்சு’ என்று யார் சொன்னாலும் அவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். முடிந்தது எது, நடந்துகொண்டிருப்பது எது, இனிமேல் நடக்கப்போவது எது என்று பிரித்துச் சொல்லப் பழகினால் கட்டுமான மேலாண்மையில் பாதி வந்துவிடும் என்பது என் கட்சி.

“சமையலறை அலமாரி என்னாச்சு தம்பி?”

“முடிஞ்சிடுச்சு சார்.”

“வந்து பார்க்கலாமா?”

“வாங்க சார். மரம் வாங்கப் போய்க்கினு கீறேன்.”

டீ. பிள்ளைகள் நாலைந்து வாரத்தில் திருந்திவிட்டார்கள். கடைசிவரை டீ வாங்கிக்கொண்டிருந்தவர் ஆசிரியைதான். “டீ சொல்லிட்டேன் சார்” என்பார். அதையும் சொல்லியிருக்க மாட்டார். அதற்கொரு டீ.

அப்படி டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில்தான் தம் அப்பாவைப் பற்றிச் சொன்னார். சாந்தோமில் ஒரு சந்தில் அவருக்குப் பட்டறை இருந்தது. நாற்காலி, மேசை, கட்டில் எல்லாம் செய்வார். அதோடு பங்குக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களுக்குச் சவப்பெட்டியும்.

“எங்கப்பா என்னைவிட மோசம் சார். கட்டில் கேட்டு கல்யாணத் தேதி முடிஞ்சும் வந்து நிப்பாங்க. ‘ஆயிடுச்சு, பாலிஷ் காயுது’ம்பார். மரமே அறுத்திருக்க மாட்டார். ஆனா பெட்டி மட்டும் அப்படி இல்ல. பெட்டி கேட்டு வந்தாங்கன்னா வாயே திறக்க மாட்டார். செஞ்சு முடிச்சு, மூடியைப் போட்டுப் பாத்து, கையைத் துடைச்சிட்டுத்தான் ‘ஆயிடுச்சு’ன்னு சொல்வார்.”

“ஏன் அப்படி?”

“மத்ததுல எல்லாம் ஆயிடுச்சுன்னு சொன்னா எல்லாருக்கும் ஒரு வேகம் வரும் சார். அதுல எதுக்கு வேகம்?”

மாணவர்கள் சிரித்தார்கள். நானும்தான்.

இனி நான் எழுத வேண்டியது சிரிப்பு இல்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

குழு பார்வையிட வந்த நாள். பட்டறை பெருக்கித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. பிள்ளைகள் தேய்த்த சட்டையில் வரிசையாக நின்றார்கள். தேசிங்கு தலையில் அவ்வளவு எண்ணெயை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. முதல்வர் குழுவினருக்கு எங்களை அறிமுகப்படுத்தினார். ஆசிரியையைக் காட்டி, “இந்தப் படிப்பை உருவாக்கினவங்க இவங்கதான்” என்றார். என்னைக் காட்டி, “சார் கொஞ்சம் உதவி பண்ணார்” என்றார்.

கொஞ்சம். உதவி. அந்த இரண்டு சொற்களையும் வாயில் போட்டு மென்றுகொண்டே குழுவினரோடு நடந்தேன். பாடத்திட்டத்தின் ஒவ்வொரு வரியும் நான் எழுதியது என்ற நினைப்பு. அதில் எத்தனை வரி அவரிடமிருந்து கேட்டு எழுதியது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

எல்லாம் திருப்தியாகவே போயிற்று. கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. மாணவர்கள் பயிற்சி எடுக்கத் தம் கட்டடத்தில் இடம் தருவதாக ஒப்பந்தக்காரர் ஒருவர் எழுதித் தர வேண்டும். தேனாம்பேட்டைக்காரர் தாமே கொண்டுவந்து கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். சற்று முன்னால்தான் ஆசிரியையிடம் கைப்பேசியில், “வந்துட்டேன் மேடம், சிக்னல்ல நிக்கிறேன்” என்று சொல்லியிருந்தார். மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட சாலைகளில் அந்த ‘வந்துட்டேன்’ எவ்வளவு நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது.

குழுத் தலைவர் கேட்டார்: “பயிற்சிக்கு இடம் உறுதியாயிடுச்சா?”

“ஆயிடுச்சு சார்” என்றார் ஆசிரியை. “கையெழுத்துப் போட்டுட்டார்.”

தலைவர் என் பக்கம் திரும்பினார். நான் பேராசிரியராக இருந்தவன் என்ற மரியாதை அவர் குரலில் இருந்தது. “நீங்க சொல்லுங்க சார். நீங்க சொன்னா போதும். ஆயிடுச்சா?”

“இல்லை” என்றேன். “இன்னும் ஆகவில்லை.”

ஆசிரியை என்னைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். தாம் நிறுத்திவைத்த தூண் ஒன்று எழுந்து நடந்து போவதைப் பார்க்கிறவர்போலப் பார்த்தார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்படின்னா அடுத்த வருஷம் பாக்கலாம்” என்றார்.

குழுவின் கார் வெளியே போன கொஞ்ச நேரத்தில் ஒப்பந்தக்காரரின் கார் உள்ளே வந்தது. கையெழுத்திட்ட தாள் அவர் கையில் இருந்தது. “வந்துட்டேன்னு சொன்னேனே, அதுக்குள்ள போயிட்டாங்களா?” என்றார். முதல்வர் தலைவரைக் கைப்பேசியில் பிடித்துக் கெஞ்சிப் பார்த்தார். அவர்கள் அடுத்த கல்லூரிக்குப் போய்விட்டார்கள்; எழுதியது எழுதியதுதான்.

சாயங்காலம் மாணவர்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. நான் சொல்லவில்லை. அவர் சொன்னார்.

“இன்னா மிஸ் இது” என்றான் தேசிங்கு. “வந்துடுச்சுன்னு சொன்னீங்களே. நானும் பொண்ணு வூட்டாண்ட வந்துடுச்சுன்னு சொல்லிக்கினு கீறேன். சூப்பர்வைசர் மாப்பிள்ளைன்னு பத்திரிகையே அடிக்கப் போறாங்க.”

“வந்துச்சுடா. வாசல் வரைக்கும் வந்துச்சு.”

“அப்புறம்?”

அவர் என்னைக் கைகாட்டவில்லை. “வண்டி டிராபிக்ல மாட்டிக்கிச்சு” என்றார்.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். உண்மையைத்தானே சொன்னேன் என்ற தோரணையில்தான் சொன்னேன்.

அவள் கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தாள். “ஆகலைன்னு சொன்னேளாக்கும். வந்துண்டிருக்கார்னு சொல்லியிருக்கலாமே.”

சட்டையைக் கழற்றி மாட்டினேன்.

“அதுவும் உண்மைதானே? ‘வந்துண்டிருக்கார், ஒரு வாய் காபி சாப்டுண்டே இருங்கோ’ன்னா அவா உக்காந்துண்டிருக்க மாட்டாளா? உங்க உண்மைக்கு மட்டும் ஏன்னா அவ்ளோ அவசரம்?”

முடிந்தது எது, நடந்துகொண்டிருப்பது எது, நடக்கப்போவது எது என்று பிரித்துச் சொல்லச் சனிக்கிழமைதோறும் பாடம் நடத்தியவன் நான். நடந்துகொண்டிருப்பதைச் சொல்ல வேண்டிய ஒரே இடத்தில் அதை விட்டுவிட்டேன். தெரியாமல் விடவில்லை. ‘வந்துகொண்டிருக்கிறார்’ என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்தது. ‘கொஞ்சம் உதவி’ அதைத் தள்ளிவிட்டது. அன்று நான் சொன்ன உண்மை பொறாமைக்குப் போட்ட சட்டை. இதை எழுதும் இந்த வயதிலும் அதற்கு வேறு பெயர் கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்த ஆண்டு ஒப்புதல் கிடைத்தது. சான்றிதழ் வந்தது, படிப்பு இன்றும் நடக்கிறது. ஆனால் அந்த முதல் அணியில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. ஈக்காட்டுத்தாங்கலில் அறைகலன் பட்டறைகளில் சிலர் சேர்ந்துவிட்டார்கள். பெங்களூருக்குப் போனவர்கள் உண்டு. சிலர் எங்கே என்றே தெரியவில்லை. அவர்களுக்குச் சனிக்கிழமைகளும் டீயும் மட்டும் மிச்சம்.

தேசிங்கு திரும்பி வந்தான். அவன் கல்யாணம் அந்த ஓர் ஆண்டு தள்ளிப்போகாமல் காப்பாற்றியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பெண் வீட்டாரிடம் நேரில் போய், “சர்ட்டிபிகேட் வந்துடுச்சு, பிரிண்ட் ஆயிக்கினு கீது” என்று அவர்கள் பாஷையிலேயே அடித்துவிட்டு வந்திருந்தார். கல்யாணத்தில் பெண்ணின் அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். “பிரிண்ட் ஆவ இம்மா நாளாவுமா சார்?”

ஆசிரியை எனக்குப் பின்னால் நின்று என்ன சொல்லப்போகிறேன் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஆயிடுச்சு” என்றேன்.

வாழ்க்கையில் நான் சொன்ன முதல் ‘ஆயிடுச்சு’ அது. பின்னாலிருந்து, “சார், டீ” என்று குரல் வந்தது.

ஆனால் நான் செய்ததைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. அவர் எடுக்கவில்லை, எனக்குத் தைரியம் இல்லை. ஆண்டுகள் போயின. அவர் ஓய்வு பெற்றார். மகளோடு இருக்கத் திருச்சிக்குப் போகப்போகிறார் என்று முதல்வர் சொன்னபோதுதான், இதற்குமேல் தள்ளிப்போட முடியாது என்று ஆட்டோ பிடித்துச் சாந்தோமில் அவர் வீட்டுக்குப் போனேன்.

வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். “பேக்கிங் முடிஞ்சிடுச்சு சார்” என்றார். எல்லாப் பெட்டிகளும் காலியாக இருந்தன. கொண்டை நரைத்திருந்தது, பென்சில் மட்டும் அங்கேயே இருந்தது.

சொல்ல வேண்டியதை ஆட்டோவிலேயே ஒத்திகை பார்த்திருந்தேன். “அன்றைக்கு அந்தக் குழுவிடம் நான் சொன்னது உண்மைக்காக இல்லை. முதல்வர் உங்களைப் பாராட்டியது பொறுக்காமல் சொன்னேன். அந்தப் பிள்ளைகள்...” என்று தொடங்கினேன். அதற்குமேல் ஒத்திகை உதவவில்லை.

“மன்னிச்சிட்டேன் சார்” என்றார்.

நான் இன்னும் கேட்கவே இல்லை. கேட்பதற்கு முன்பே வந்துவிட்டது. அவரிடமிருந்து அது வேறு எப்படி வரும்?

எனக்கு நிம்மதியும் வந்தது, கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. இது எந்த ஆயிடுச்சு? அவர் அப்பா கட்டிலுக்குச் சொன்னதா, பெட்டிக்குச் சொன்னதா? பேராசிரியர் புத்தி போகவில்லை. கேட்டே விட்டேன்.

“எப்போது மேடம்?”

“எது?”

“மன்னித்தது.”

கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்து, திரும்பவும் செருகிக்கொண்டார். பிறகு அந்தப் பழைய சிரிப்பு வந்தது.

“உக்காருங்க சார். டீ ஆயிடுச்சு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பாத்திரத்தில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு அடுப்புப் பற்றவைக்கும் லைட்டர், ஒருமுறை, இன்னொருமுறை. டீ ஆகிக்கொண்டிருந்தது. ஒரு காலிப் பெட்டியை நகர்த்திவிட்டு உட்கார்ந்தேன்.